ஆமைச் சிமிழும் புகைச்சாவடியும்

எங்க பக்கம் ரயில் எட்டிப் பார்க்காத காலமாம். கீழ்ச்சேந்தல்னு ஒரு ஊராம். புருசனைப் பினாங்கிலேயே புதைச்சுட்டு, இடுப்புல ஒரு பிள்ளையோட ஒச்சாயி அந்த ஊருக்குத் திரும்பி வந்தாளாம். அந்தப் பிள்ளைதான் எங்க பூட்டன்.

கையில ஒரு துணிமூட்டை. மூட்டைக்குள்ள ஒரு பீங்கான் சிமிழ். உள்ளங்கையில அடங்குற ஆமை உருவம். முதுகு ஓடுதான் மூடி.

கொழுந்தன் விருமன் வீட்டுல தங்குனா. மூணாம் நாள் விருமனுக்கு வயித்தால போச்சு. நாலாம் நாளும் போச்சு. விருமன் பொண்டாட்டி சிறங்கி மூட்டையைக் குடைஞ்சா. ஆமை முதுகைத் திறந்தா. உள்ளே கருகருன்னு, பிசுபிசுன்னு, சுண்டைக்காய் அளவு உருண்டைங்க.

“இடுமருந்து. சோத்துல வச்சுட்டா. ஆமையை வேற வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கா. குடி விளங்குமா?”

ஒச்சாயி தண்ணி இறைச்ச கிணத்துல அப்புறம் யாரும் வாளி போடலையாம். அவ தெருவுல நடந்தா, பிள்ளைங்களை உள்ளே இழுத்துக்கிட்டாங்களாம்.

சாவடியில ஊர் கூடுச்சு. அம்பலக்காரர் கேட்டார்: “என்னத்தா இது?”

“வாசனை உருண்டைங்கய்யா. நான் வேலை பார்த்த வீட்டு சப்பான்காரம்மா குடுத்தது. விருந்தாளிக்குத் தேத்தண்ணி போடுறதுக்கு முன்னாடி கங்குப் பக்கத்துல ஒண்ணை வைப்பாங்க. அவங்களுக்கு ஆமைன்னா நீண்ட ஆயுசு.”

“தேத்தண்ணிக்கு எதுக்குடி வாசனை?” சிறங்கி சிரிச்சாளாம்.

“அப்படின்னா ஒண்ணைத் தின்னு காட்டட்டும்,” ஒருத்தன் சொன்னானாம்.

“திங்கிறதில்லைங்க. கங்குல வைக்கிறது.”

“வச்சு ஊரையே மயக்கவா?” எல்லாரும் துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டாங்களாம்.

“பொழுது சாயுறதுக்குள்ள பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயிரு,” அம்பலக்காரர் சொல்லிட்டார்.

ஒச்சாயி எழுந்திரிக்கலையாம். “போறேங்கய்யா. அதுக்கு முன்னாடி இந்தச் சாவடி உள்ளறையில கங்கு வைங்க. புகையில நான் உக்காருறேன். பழி சொன்னவளும் எதிர்ல உக்காரட்டும். மருந்துன்னா ரெண்டு பேரும் சாவோம்.”

ஊரே பார்க்குது. சிறங்கியால மாட்டேன்னு சொல்ல முடியல. உக்காந்தா. கங்கு வந்துச்சு. ஒச்சாயி உருண்டையை வச்சா. கதவைச் சாத்துனாங்க. வெளியில ஊரு காதைத் தீட்டிக்கிட்டு நின்னுச்சாம்.

சிறங்கி மூச்சடக்கிப் பார்த்தாளாம், அடக்கிப் பார்த்தாளாம், முடியலையாம். ஒரு இழுப்பு உள்ளே போயிருச்சு. செத்தோம்னு நெனச்சுட்டா.

“கதவைத் தொறங்க. மூணு நாள் பழைய நண்டுக்கொழம்பு, நான்தான் அவருக்குச் சுடவச்சு ஊத்துனேன். இவ இருந்தா நிலத்துல பாதி குடுக்கணுமேன்னு பழி சொல்லிட்டேன்.”

கதவைத் திறந்தாங்க. வெளிய வந்த வாசம் சந்தனம்னாங்க சிலர், கிராம்புன்னாங்க சிலர். ஒரு கிழவர் மட்டும் கடைசிவரைக்கும் மூக்குலேர்ந்து துண்டை எடுக்கலையாம்.

ஒச்சாயி ஊரை விட்டுப் போகல. சாவடிக்குத்தான் புகைச்சாவடின்னு பேர் வந்துச்சு. இன்னிக்கும் கீழ்ச்சேந்தல்ல ஒருத்தர் மேல ஒருத்தர் பழி சொன்னா, ரெண்டு பேரையும் அங்கே எதிரெதிரா உக்கார வச்சு, நடுவுல சாம்பிராணி போடுவாங்க. பாதி வழக்கு கங்கு வந்து சேர்றதுக்குள்ளேயே முடிஞ்சிரும். “நான் சரியாப் பாக்கலைங்க”ன்னு ஒருத்தர் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கிட்டுப் போயிருவார்.