ரெண்டாவது ஓட்டம்

— புள்ளி வேணுமா வேணாமா, ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். பொருளடக்கத்துல தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவுல லேடெக்ஸ், இந்தப் பக்கம் கோக்கற மென்பொருள், வரிசையா புள்ளி போடும். வேணாம்னா எடுத்துடலாம்.

— வீட்ல கேட்டுட்டு சொல்றேம்மா.

— அஞ்சு வாரமா இதையேதான் சொல்றீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின வடிவியல் புத்தகம். இங்கேருந்தே டீச்சருக்கு ஒரு போன் போடுங்களேன்.

— அவ இந்நேரம் கிளாஸ்ல இருப்பா.

— ஞாயித்துக்கிழமையா சார்?

— டியூஷன்மா. புள்ளி இருக்கட்டும். விரல வச்சுக்கிட்டே பக்க எண் வரைக்கும் போலாம்னு அவ சொல்லுவா. அஞ்சாவது தலைப்புக்குக் கீழ மட்டும் அவ பேரச் சாஞ்ச எழுத்துல கேட்டேனே?

— போட்டாச்சு, பாருங்க. ‘வட்டங்கள்’. கீழ டீச்சர் பேரு, கொஞ்சம் உள்ள தள்ளி. இந்த ஒரு வரி அரை நாளத் தின்னுடுச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?

— வீட்ல எடுத்து வச்சிருப்பா. நல்லா வந்திருக்கும்மா. எம்பத்தொண்ணாம் பக்கம்னு இருக்கு, அதக் காட்டுங்க.

— அது இன்னிக்கு வேணாம் சார்.

— காட்டுங்கம்மா. என்னது, இங்க முக்கோணம்ல இருக்கு? வட்டம் எங்க?

— எடுத்துட்டேன். நீங்க படியேறி வர்றதுக்குச் சித்த முன்னாடி.

— பொருளடக்கத்துல இருக்கே?

— அது அப்படித்தான் சார். போன தடவை மென்பொருள ஓட்டினப்ப எழுதி வச்சதப் பாத்துத்தான் இந்தத் தடவை பொருளடக்கம் போடும். அத்தியாயம் போனது அதுக்கு இன்னும் தெரியாது. ரெண்டாவது தடவை ஓட்டினாதான் தெரியும்.

— யாரக் கேட்டு எடுத்தீங்க?

— டீச்சரேதான் காலைல மெயில் போட்டாங்க. அத்தியாயமும் வேணாம், பேரும் வேணாமாம். ‘சார்கிட்ட ஒரு தடவை சொல்லியாச்சு’ன்னு எழுதியிருக்காங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இழுத்துக்கிட்டே இருந்தேன். ஏன் சார், வீட்ல இதப் பேசிக்கலையா?

— அந்தப் பொருளடக்கத்த இன்னொரு தடவை காட்டுங்கம்மா.

— சார்? தண்ணி தரட்டுமா?

— இப்ப ஓட்டினா அந்த வரி போயிடுமா?

— போயிடும். வேணும்னா ஓட்டாம, இப்படியே ஒரு பிரதி எடுத்துத் தரேன். நீங்க வச்சுக்குங்க.

— வேணாம்மா, ஓட்டிடுங்க. அவ சொல்லிட்டு வீட்ட விட்டுப் போயி எட்டு மாசமாச்சு. எனக்கும் ரெண்டாவது தடவைதான் தெரியுது.