செல்லியம்மாவின் பதின்மூன்றாம் பிரதி

ஒருவரை உட்காரவைத்து முகம் வரைய ஆரம்பித்தால் கால் மணி நேரத்துக்குள் அவருக்கு மூக்கு அரிக்கும். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், டாக்டராக இருந்தாலும் டீக்கடைக்காரராக இருந்தாலும் இதில் வித்தியாசம் கிடையாது. சொறிந்துகொள்ளுங்கள் என்று நானே சொல்லிவிடுவேன். அப்புறம் முகம் கொஞ்சம் தளரும். என் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று தெரியும். தெலுங்கில் நான் பேசுவேன், ஆனால் எழுத வராது. கான்ஸ்டபிள் சிட்டிபாபு சத்தியவேட்டுக்காரர், தமிழ் படித்தவர். அவர் படித்து உங்களுக்குச் சொல்லட்டும். நடுவில் எதையும் விட்டுவிட வேண்டாம்.

என் பெயர் ஆதிநாராயணன், வயது ஐம்பத்தைந்து. நகரிக்குப் பக்கத்தில் கரும்பு போட்ட குடும்பம். திருப்பதியில் கொர்லகுண்டாவில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து முகம் வரைகிறேன். பங்காருபாளையத்து மாங்காய் மண்டிக்காரர்களில் பாதிப் பேர் வீட்டுக் கூடத்தில் என் கையெழுத்து தொங்குகிறது. இது தற்பெருமை இல்லை, போய்ப் பார்த்தால் தெரியும்.

இறந்துபோன சம்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் சித்தூர்க்காரன், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். ஹைதராபாத்தில் அச்சு வேலை கற்றுக்கொண்டு வந்தவன். பதினோரு வருடத்துக்கு முன் நான் ஒரு பிரஸ் செய்ய வைத்தபோது அதை எப்படி ஓட்டுவதென்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து என்னோடுதான் இருந்தான்.

வேலை இதுதான். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் நான் ஊசியால் முகத்தைக் கீறுவேன். தகட்டை ஆசிட்டில் போட்டால் கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். சம்பத் அந்தப் பள்ளங்களில் மை ஏற்றி, மேலே இருப்பதைத் துணியால் துடைத்து, கடைசியாக உள்ளங்கையால் ஒரு துடை துடைப்பான். அப்புறம் ஈரக் காகிதத்தை மேலே வைத்து, கம்பளம் போர்த்தி, இரும்பு உருளைக்குக் கீழே விடுவான். மறுபக்கம் படம் வரும். கோடு என்னுடையது. கோடு இல்லாவிட்டால் அவன் துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பல பேருக்கு இது புரிவதில்லை.

ஒரு முகத்துக்குப் பன்னிரண்டு பிரதி என்பது நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு. பன்னிரண்டிலும் எண் போட்டு நான் கையெழுத்து வைப்பேன். அப்புறம் தகட்டின் மேல் மூலைக்கு மூலை கத்தியால் ஆழமாக இரண்டு கோடு இழுத்துவிட வேண்டும். இனி அந்தத் தகட்டிலிருந்து நல்ல பிரதி வராது. வாங்கியவருக்கு நாம் கொடுக்கிற வாக்கு அது. அச்சுக்காரர்கள் எல்லா ஊரிலும் செய்வதுதான். குறுக்குக் கோடு போடுகிற வேலையை நான் சம்பத்திடம் விட்டிருந்தேன்.

பிப்ரவரியில் திருப்பதியில் நடந்த என் கண்காட்சியில் முப்பது முகங்கள் வைத்தேன். அதில் செல்லியம்மாவின் முகத்துக்கு முன்னால் கூட்டம் நின்றது. புத்தூர் ஸ்டேஷன் வாசலில் நாற்பது வருடமாகத் தள்ளுவண்டியில் இட்லி விற்ற அம்மா அவர். எனக்காக ஆறு நாள் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் தூங்கியும் போவார். நல்ல முகம், பொய் சொல்லத் தெரியாத முகம்.

கண்காட்சிக்கு வந்த ஒரு பெரியவர், கர்னூலில் ஓவியக் கல்லூரியில் இருந்தவராம், அந்தப் படத்தை அரை மணி நேரம் பார்த்தார். பிறகு யார் அச்சிட்டது என்று கேட்டார். சம்பத் கூச்சத்தோடு முன்னால் வந்தான். அவர் அவனுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். இந்தக் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று தெலுங்கில் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பொறாமைப்படுகிற சுபாவம் எனக்குக் கிடையாது. என்னோடு வேலை செய்கிறவனைப் பாராட்டினால் அது என்னைப் பாராட்டியது போலத்தானே. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, அது வெயிலால் இருக்கும்.

ஜூனில் செல்லியம்மா செத்துப்போனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் புத்தூர் போனேன். சம்பத் அன்று தன் மனைவி ரூபாவுக்கு ஜுரம் என்று வரவில்லை. வீட்டுக்குள் போனதும் எதிர்ச் சுவரில் படம். சாமந்தி மாலை போட்டு, பொட்டு வைத்து, கீழே விளக்கு. என் செல்லியம்மா. ஆனால் படத்துக்குக் கீழே எண் இல்லை, என் கையெழுத்தும் இல்லை.

அவர் மகன் சந்துரு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"சம்பத் அண்ணன்தான் எட்த்துக்கினு வந்து குட்த்தாரு. வூட்ல ஆதார் கார்டு படம் ஒண்ணுதான் கீது, அதுல அம்மா மாரியே இல்ல. இதப் பாருண்ணா, அம்மா அடுப்பாண்ட உக்காந்துக்கினு கீற மாரியே கீது இல்ல?"

இருந்தது. அதுதான் விஷயம். என் பன்னிரண்டு பிரதிகளிலும் முகத்தைச் சுற்றி வெள்ளையாக இருக்க வேண்டும், கோடு தெரிய வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இதில் சம்பத் தன் இஷ்டத்துக்குச் சுற்றிலும் மையை விட்டுவைத்திருந்தான். கன்னத்திலும் நெற்றியிலும் மட்டும் கையால் துடைத்திருக்கிறான். விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பு வெளிச்சம் படுகிற மாதிரி அந்த முகம் இருட்டிலிருந்து வெளியே வந்திருந்தது. ஒரு கிழவி எழுந்துபோய்ப் படத்தின் கன்னத்தைத் தடவி, அந்தக் கையைத் தன் வாயில் வைத்து முத்தம் கொடுத்தாள். என் படத்தை யாரும் அப்படித் தொட்டதில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டேன், வடை நன்றாக இருந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சம்பத் வந்தான். நான் சத்தம் போடவில்லை. பதின்மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"கோடு போடலண்ணா. அந்தம்மா உசுரோட கீறப்போ மொகத்துமேல கத்தி வெக்க எனக்குக் கை வரல. நாளிக்குப் போட்லாம், நாளிக்குப் போட்லாம்னு தள்ளிக்கினே வந்துட்டன். இப்போ சந்துரு வந்து அழுதான். ஒண்ணே ஒண்ணு எட்த்துக் குட்த்தன். தப்புதாண்ணா, மன்னிச்சுக்க."

மற்ற தகடுகளுக்கெல்லாம் போட்டானா என்று கேட்டேன். செத்தவர்கள் முகத்துக்கு மட்டும் போட்டதாகச் சொன்னான். உயிரோடு இருக்கிறவர்களின் தகடுகளையெல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறான். பதினோரு வருடத்துத் தகடுகள். யாராவது கேட்டிருந்தால் என் வாக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"இப்பதான் அந்தம்மா போய்ட்டாங்களே, போடு" என்று கத்தியை அவன் கையில் கொடுத்தேன். அவன் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"வேணாண்ணா. இது நல்லா வந்த தகடுண்ணா. வேற இன்னா வேணும்னாலும் சொல்லு, செய்றன்."

அப்படியானால் எனக்காக இன்னொரு பிரதி எடு, புத்தூரில் எப்படித் துடைத்தாய் என்று பார்க்கிறேன் என்றேன். ஐயா, அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினோரு வருடத்தில் நான் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. மை ஏற்றினான், துணியால் துடைத்தான், பிறகு உள்ளங்கையைச் சுண்ணாம்புத் தூளில் தட்டிக்கொண்டு, குழந்தைக்கு முகம் கழுவிவிடுகிற மாதிரி அந்தக் கன்னத்தைத் துடைத்தான். நான் கவனமாகப் பார்த்தேன். எப்படிச் செய்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

தகட்டைப் பலகையில் வைத்துக் காகிதம் போட்டு, கம்பளத்தைப் போர்த்தினான். கம்பளத்தில் சுருக்கம் இல்லாமல் உருளையின் விளிம்புவரை கையால் நீவிவிடுவது அவன் பழக்கம். உருளையை ஓட்டுகிற சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்து நான் நின்றேன். அவன் வலது கை உருளையைத் தொட்ட நேரம் சக்கரத்தைச் சுற்றினேன்.

பல்சக்கரம் வைத்த பிரஸ், பெரிய பலம் தேவையில்லை. முதலில் விரல்கள் போயின. நான் கவனிக்காமல் சுற்றுகிறேன் என்று நினைத்து "அண்ணா, கையி, கையி" என்றான். கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் அரைச் சுற்றில் மணிக்கட்டு உள்ளே போனது. எங்கள் ஊர்க் கரும்பு ஆலையில் கேட்கிற சத்தம்தான், புதிதாக ஒன்றுமில்லை. கை வரவில்லை என்று அவன்தானே சொன்னான். வராத கை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. தகட்டுக்குக் கோடு போடவில்லை, கைக்குப் போட்டேன். நியாயமாகப் பார்த்தால் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அவன் கத்தினான். கீழே கிரில் பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. உருளையின் திருகை முடுக்குகிற பெரிய ஸ்பேனர் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்துத் தலையின் இடப்பக்கம் இரண்டு அடி அடித்தேன். வலப்பக்கம்தான் அவனுக்கு நல்ல முகம், அதைக் கெடுக்கக் கூடாது என்று அந்த நேரத்திலும் எனக்கு நிதானம் இருந்தது. அவன் கை உருளையில் சிக்கியபடியே பிரஸ்ஸில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. இத்தனை வருடத்தில் சம்பத் எனக்காக ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. கூப்பிட்டால் வேலை கிடக்கிறது என்பான். நான் ஒரு காகிதத்தைப் பலகையில் குத்தி, கரித்துண்டை எடுத்துக்கொண்டு எதிரில் ஸ்டூலைப் போட்டேன். இரத்தம் ஸ்டூல்வரை வந்தபோது கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டேன். நடுவில் அவன் தண்ணி என்று கேட்டான். உதடு அசைந்தால் வரைய முடியாது. "ஆடாத சம்பத், ஆயிட்ச்சு" என்றேன். அவன் நல்லவன், சொன்னபடி கேட்பவன். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். வரைந்து முடித்து, படத்தை உள் அறையில் வைத்து, ஸ்பேனரைக் கழுவிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அவர்கள் வந்தபோது உயிர் இல்லை. அவன் கடைசியாக எடுக்க இருந்த பிரதி இரத்தத்தில் ஊறி வீணாகிவிட்டது. அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் வந்தீர்கள். அவன் தனியாக இடது கையால் சக்கரத்தைச் சுற்றியிருக்கிறான், வலது கை சிக்கியதும் மயங்கிப் பிரஸ்ஸின் இரும்புச் சட்டத்தில் தலை மோதியிருக்கிறது என்றும், நான் கடைக்குப் போயிருந்தேன் என்றும் சொன்னேன். விபத்து என்று எழுதிக்கொண்டு என் தோளில் தட்டிக்கொடுத்துப் போனீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. ரூபாவும் நம்பினாள். "அவருக்கு நீங்கன்னா சாமி மாரிண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பு இல்லை.

நான்கு மாதம் கழித்துச் சித்தூரில் ஓவியர் சங்கத்தார் சம்பத் நினைவாக என் கண்காட்சி ஒன்று ஏற்பாடு செய்தார்கள். நேற்றுத்தான் ஆரம்பம். நுழைந்ததும் எதிரில் தெரிகிற இடத்தில் அந்தக் கரிப்படத்தை மாட்டச் சொன்னேன். தகடு இல்லை, மை இல்லை, வேறொருவன் உள்ளங்கை இல்லை. முழுக்க முழுக்க என் கை. நான் வரைந்ததிலேயே சிறந்தது அதுதான் என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் காட்டுவேன்.

ரூபா வந்து படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இவரு யாரப் பாத்து இப்டி பயந்துக்கினு கீறாரு?" என்று கேட்டாள். வெளிச்சம் அப்படி விழுகிறது என்று சொன்னேன். கழற்றிவிடுங்கள் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். ஓவியம் தெரியாதவள், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் சங்கத்துச் செயலாளர் ரங்கையாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் படத்துக்குக் கீழே 'நினைவிலிருந்து வரைந்தது' என்று கார்டு ஒட்டிவிட்டார். கேட்டதற்கு, வேற எப்படி சார் வரைஞ்சிருக்க முடியும் என்கிறார். பக்கத்தில் நின்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கண்ணில் உயிர் இல்லை, ஏதோ போட்டோவைப் பார்த்துப் போட்டிருக்கிறார் என்று என் காதுபடவே சொன்னார். அங்கேயே நாலு பேர் தலையாட்டினார்கள். அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து திருப்பதிப் பஸ் ஏறினேன். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, பேசாமல் இருந்திருக்கலாம் என்று சிட்டிபாபு சொல்கிறார். அவருக்கு இது புரியாது. நீங்கள் சட்டப்படி செய்வதைச் செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கண்காட்சி ஞாயிற்றுக்கிழமைவரை இருக்கிறது. அதற்குள் ஒரு ஆளை அனுப்பி அந்தக் கார்டை மாற்றச் சொல்லுங்கள், எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அது நினைவிலிருந்து வரைந்தது இல்லை, போட்டோவைப் பார்த்தும் இல்லை. ஆளை எதிரில் வைத்து வரைந்தது. கண்களைத்தான் முதலில் முடித்தேன், அப்போது அவன் உயிரோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.