திருநீறு போட்டுத் தேய்த்த காசு

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே நடுவயதுக் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“வெள்ளிக் காசுல யாராச்சும் திருநீறு போட்டுத் தேய்ப்பாங்களா?” என்றார் கணவர்.

“தீபாவளிக்குச் சாமி விளக்கெல்லாம் தேச்சேங்க. இந்தக் காசும் வெள்ளிதானேன்னு டப்பாவ ஒடச்சு எடுத்துத் தேச்சுட்டேன். கை படாம வைக்கிற நினைவுக் காசுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“பழைய காசு வாங்குற கடைக்காரரு பாத்ததுமே ஒதட்டப் பிதுக்கிட்டாரு. முழுக்கக் கீறலாம். சேகரிக்கிறவங்க யாரும் சீண்ட மாட்டாங்களாம்.”

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார்.

“கோவமா?”

அவர் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து, கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

“இத்தன வருஷமா டப்பாவுக்குள்ளயே பாத்துட்டேன் லா. தொட்டதே இன்னிக்குத்தான். சில்லுன்னு இருக்கு. இந்தா, கைய நீட்டு.”