பாட்டு வேணாம், பேசு

2009 மார்ச் மாதக் குறிப்பு: மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் நண்பர்கள் இருவர்.

"கதவைத் தொறந்ததும் 'வணக்கம் நேயர்களே'ன்னு சொல்றேன் மச்சான். வூட்ல நான் மட்டும்தான்."

"காலேஜ் ரேடியோவ வுட்டு மூணு வருஷமாச்சுடா! அப்பவே உன்னை எவன் கேட்டான்?"

"ஒருத்தர் கேட்டாரு. இங்க சவுக்குத் தோப்பு வாட்ச்மேன். வாரா வாரம் போன் பண்ணுவாரு. இன்னா பாட்டு வேணும்னு கேட்டா, 'பாட்டு வேணாம் தம்பி, நீ பேசிகினே இரு, இங்க பேச ஆளே இல்ல'ம்பாரு. நானும் பேசுவேன்."

"இன்னும் கீறாரா?"

"தெரியல. அதான் போறேன்."

"போயி இன்னா பேசுவ?"

"இந்தவாட்டி அவரு பேசட்டும்டா. நான் கேக்குறேன்."

தோப்பருகே ரேடியோக்காரர் மட்டும் இறங்கினார். காவலாளி அங்கே இருந்தாரா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.