முப்பத்தொன்பது இன்ச்

மேஸ்திரி: எட்டு அம்பது ஆச்சும்மா. கலவை கலந்துட்டேன். அடுப்பு மேடைக்கு உயரம் சொல்லுங்க.

மனைவி: இப்பவேவா?

மேஸ்திரி: கலவை இறுகிடும். இங்க நின்னு யார் சமைக்கப் போறாங்களோ அவங்க வந்து நில்லுங்க. கையை மடக்கணும். முழங்கைக்கு அஞ்சு இன்ச் கீழ மேடை. அவ்வளவுதான் கணக்கு.

கணவன்: இவதான்.

மனைவி: இவர்தான்.

மேஸ்திரி: யாராவது ஒருத்தர் வாங்க.

கணவன்: என்ன விளையாடறே? பதினோரு வருஷமா யாரு சமைக்கிறா?

மனைவி: பதினோரு வருஷம் நான். இனிமே நீங்க.

கணவன்: இதை எப்ப முடிவு பண்ணினோம்?

மனைவி: இப்ப. வந்து நில்லுங்க.

கணவன்: மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க. இந்த வேலை ஆரம்பிச்சதுலேருந்து இவ எடுத்த முடிவு எதாவது ரெண்டு நாள் தாங்கியிருக்கா?

மேஸ்திரி: என்னை இழுக்காதீங்க சார். அந்த ஜன்னலை மூணு தடவை வெச்சேன், மூணு தடவை பிடுங்கினேன். அதோட நிறுத்திக்கறேன்.

மனைவி: இப்ப நல்ல எடத்துலதானே இருக்கு?

மேஸ்திரி: முதல்ல வெச்ச எடத்துலதாம்மா இருக்கு.

கணவன்: சுவத்தைப் பாருங்க. ஏழு வெள்ளை அடிச்சுப் பாத்தாச்சு.

மனைவி: ஏழும் வேற வேற வெள்ளை!

கணவன்: கண் டாக்டரைத்தான் கூட்டிட்டு வரணும்.

மேஸ்திரி: கலவை... கலவை...

மனைவி: சரி, செங்கல் மேல பலகையைப் போட்டு நின்னு பார்ப்போம்.

மேஸ்திரி: இந்தாங்க. இது உங்க உயரம். முப்பத்திரண்டு இன்ச். சார், நீங்க நில்லுங்க.

கணவன்: பாரு, கீழ விழுந்த ஊசியைத் தேடறவன் மாதிரி இருக்கேன். இடுப்பு போச்சு.

மேஸ்திரி: இப்ப சார் உயரம். முப்பத்தொன்பது.

கணவன்: நீ வந்து நில்லு... அடடே, எங்க போனே?

மனைவி: இங்கதான் இருக்கேன்!

கணவன்: மூக்குக்கு மேலதான் தெரியுது.

மனைவி: பொய். கழுத்து தெரியுது. மேஸ்திரி, சிரிக்காதீங்க.

மேஸ்திரி: சிரிக்கலம்மா... இருமல்.

கணவன்: நடுவுல போட்டுடுங்க. முப்பத்தஞ்சரை.

மேஸ்திரி: நடுவுல போட்டா இவங்க எக்கணும், நீங்க குனியணும், ரெண்டு பேரும் சேந்து என்னைத் திட்டணும்.

மனைவி: ஏங்க, கார் டிக்கியில மட்டம் பாக்கற ரசமட்டம் இருக்கு. எடுத்துட்டு வாங்க.

கணவன்: இதோ காலடியில கிடக்கே.

மனைவி: இது சின்னது. பெருசு வேணும்.

கணவன்: என்னை விரட்டறே.

மனைவி: ஆமா. போங்க.

கணவன்: போறேன், போறேன். அதுக்குள்ள ஜன்னலை மாத்திடாதே.

மனைவி: ...போயிட்டாரா?

மேஸ்திரி: படி இறங்கிட்டார்.

மனைவி: மேஸ்திரி, அவர் உயரத்துக்கே கட்டுங்க.

மேஸ்திரி: சார் சமைப்பாராம்மா?

மனைவி: முட்டை பொரிப்பார். மிச்சத்தைப் பழகிப்பார். எனக்கு டிப்போவுல டிரைவர் வேலை வந்திருக்கு.

மேஸ்திரி: டிக்கெட் கவுன்ட்டர்லதானே இருந்தீங்க?

மனைவி: பரீட்சை எழுதினேன், ஓட்டிக் காட்டினேன், பாஸ் பண்ணிட்டேன். ஒண்ணாந்தேதிலேருந்து முத வண்டி என்னுது. காலையில அஞ்சு இருபதுக்கு எடுக்கணும். இன்னிக்குப் பத்து மணிக்குள்ள போன் பண்ணி வரேன்னு சொல்லலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்.

மேஸ்திரி: பஸ்ஸா? பெரிய பஸ்ஸா?

மனைவி: பெரிய பஸ்.

மேஸ்திரி: கால் எட்டுமாம்மா?

மனைவி: சீட்டை ஏத்தி இறக்கிக்கலாம். மேடையைத்தான் முடியாது.

மேஸ்திரி: அப்ப போனைப் போட்டுச் சொல்லிட வேண்டியதுதானே?

மனைவி: காலையிலேருந்து நாலு தடவை எடுத்தேன், நாலு தடவை வெச்சுட்டேன். எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல. மேடையைத் தாங்கற கல்லு நின்னுடுச்சுன்னா மாத்த முடியாதுல்ல?

மேஸ்திரி: உடைச்சாத்தான் உண்டு.

மனைவி: நான் உடைக்கச் சொன்னாலும் உடைக்காதீங்க.

மேஸ்திரி: வரார், வரார்...

கணவன்: பெருசும் இல்ல, சின்னதும் இல்ல. டிக்கியில ஒரு செருப்புதான் இருக்கு. அதுவும் ஒத்தை.

மனைவி: முப்பத்தொன்பது. முடிவு பண்ணிட்டேன்.

கணவன்: அவ்வளவு உயரமா? உப்பு எடுக்க ஏணி வெக்கணும் உனக்கு.

மனைவி: நீங்க எடுத்துக் குடுப்பீங்க.

கணவன்: என் சமையலைச் சாப்பிடுவியா?

மனைவி: சாப்பிடுவேன்.

கணவன்: கரிஞ்சா?

மனைவி: சுரண்டிட்டுச் சாப்பிடுவேன்.

கணவன்: நல்லா யோசி. முப்பத்திரண்டுன்னா உனக்கு எவ்வளவு வசதி...

மனைவி: யோசிச்சாச்சு.

கணவன்: முப்பத்தெட்டு?

மனைவி: ஒரு இன்ச் குறையாது.

கணவன்: மேஸ்திரி, நீங்களாவது சொல்லக் கூடாதா?

மேஸ்திரி: அம்மா சொல்லிட்டாங்க சார்.

கணவன்: நாளைக்கே மாத்தச் சொல்லுவா, பாருங்க.

மனைவி: மாட்டேன்! மேடையையும் மாத்த மாட்டேன், எதையும் மாத்த மாட்டேன்! போனைக் குடுங்க.

கணவன்: எதுக்கு?

மனைவி: குடுங்கன்னா... ஹலோ, டிப்போவா? நான்தான் சார், மூணாம் கவுன்ட்டர். ஆமா சார்... வரேன். ஒண்ணாந்தேதி வரேன்... யோசிச்சுட்டேன் சார். ரொம்பவே யோசிச்சுட்டேன். வெச்சுடறேன்.

கணவன்: ஒண்ணாந்தேதி என்ன?

மனைவி: ஏங்க... நான் பஸ் ஓட்டப் போறேன்.

கணவன்: அப்படியா.

மனைவி: விடியக்காலை வண்டி.

கணவன்: ம்.

மனைவி: கோவமா?

கணவன்: காலையிலேருந்து நின்னுட்டே இருக்கே. முதல்ல அந்த சிமென்ட் மூட்டை மேல உக்காரு.

மனைவி: மேஸ்திரி, கல்லை நிறுத்துங்க! நான் வேற எதாவது சொல்றதுக்குள்ள!

மேஸ்திரி: இதோம்மா. சார், அந்தப் பக்கம் பிடிங்க... மெதுவா... கலவையில உக்காரட்டும்... ஆச்சு. நின்னுடுச்சு.

மனைவி: இருங்க, இருங்க. கல்லை அறுக்க வேண்டாமா?

மேஸ்திரி: அறுத்துதாம்மா வந்திருக்கு.

மனைவி: எந்த உயரத்துக்கு?

மேஸ்திரி: மேல போடற பலகைக் கல்லோட சேத்து... முப்பத்தொன்பது.

மனைவி: எப்ப அறுத்தீங்க?

மேஸ்திரி: வெள்ளிக்கிழமையே, சார் சொன்னபடி... சார், இனிமே என்னால முடியாது. நீங்களே சொல்லிடுங்க.

மனைவி: இன்னிக்குத்தானே நான் முடிவு பண்ணினேன்?

கணவன்: ஒரு மாசமா கரண்டியால கியர் போட்டுட்டிருக்கே. முந்தாநாள் ரிவர்ஸ் எடுத்ததுல பாதிச் சட்டிக் குழம்பு அடுப்புல கொட்டிடுச்சு. எனக்குத் தெரியாதா?

மனைவி: தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் என்கூட மல்லுக்கு நின்னீங்க? முதல்லயே 'சரி'ன்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?

கணவன்: நான் 'சரி'ன்னு சொன்ன எதையாவது இந்த வீட்டுல நீ மாத்தாம விட்டிருக்கியா?