வீட்டை விட்டுக் கிளம்பியவள்

தாமலிலிருந்து காஞ்சிபுரம் வந்த பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு தோழிகள்.

“கல்பனா ஓடிப்போவ மாட்டாடி,” என்றாள் ஒருத்தி.

எனக்குத் திக்கென்றது. மற்றவள் கைபேசியில் தான் எழுதிக்கொண்டிருந்த கதையைக் காட்டியபோதுதான் கல்பனா யாரென்று புரிந்தது.

“மாமியார் அவ்ளோ திட்டுறாங்களே! ‘இனி இங்கு ஒரு கணமும் இருக்க மாட்டேன்’னு சொல்லிட்டுக் கிளம்புறா.”

“எவடி அப்படிப் பேசுவா? சண்டைன்னா நீ அப்படியா பேசுவே?”

“மாட்டேன். ‘சோறு ஆறிப்போவுது, துன்னுட்டு அப்பறமா திட்டுங்க’ன்னுவேன்.”

“அதையே எழுது!”

எழுதுகிறவள் விறுவிறுவென்று தட்டினாள். சற்று நேரத்தில் அவளுக்கே சிரிப்பு பொங்கியது.

“ஐயோ, இப்ப மாமியாரு கோவிச்சுக்கினு கிளம்புறாங்கடி!”

“போவட்டும் வுடு. கல்பனா நிம்மதியா சாப்புடட்டும்.”