முதல் இருபது நொடி

சினிமாவுக்குப் போனால் ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடுகிறவன் நான். கடலைப் பொட்டலத்தோடு நிதானமாக உள்ளே வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இரண்டரை மணி நேரப் படத்தில் பார்க்க வேண்டியதே அந்த முதல் இருபது நொடிதான். கம்பெனிக்காரர்கள் தங்கள் அடையாளத்தைக் காட்டுவார்களே, அது. லோகோ என்கிறார்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. சொல்கிறேன். என் பெயர் பழனிமுத்து. வயது அறுபத்திரண்டு, ஊர் கொடைக்கானலுக்கு மேலே மலையில் இருக்கும் போளூர், பூண்டு விவசாயம். வெள்ளிமுகில் பிலிம்ஸ் படங்களின் தொடக்கத்தில் பாறைமேல் நின்று கொம்பு ஊதியவன் நான்தான்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் பழனியிலிருந்து சேனாதிபதி முதலாளி கேமராவோடு எங்கள் ஊருக்கு வந்தார். திருவிழாவில் நான் கொம்பு ஊதுவதைப் பார்த்துவிட்டு, ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒடுங்கிய பாறை அது. இரண்டு பக்கமும் பள்ளம். "இன்னும் ஒரு எட்டு பின்னால போப்பா" என்று சொல்லிச் சொல்லியே என்னை ஓரத்துக்குக் கொண்டுபோனார். பதினேழு தடவை ஊதினேன். உதட்டில் ரத்தம் வந்துவிட்டது.

வத்தலக்குண்டு தியேட்டரில் பார்த்தபோது எல்லாம் மறந்துபோயிற்று. பனி விலகும், திரை முழுக்க என் முகம் வரும், கன்னம் உப்பும், கொம்பு முழங்கும், பிறகுதான் கம்பெனியின் பெயர். எங்கள் ஊர் ஜனம் ஜீப் பிடித்து இறங்கிவந்து விசிலடித்தது. கண்மணி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அந்த முகத்தைப் பார்த்துத்தான். நேரில் பார்த்தபோது கொஞ்சம் ஏமாந்திருப்பாள். சொல்லிக்கொள்ளவில்லை.

எட்டு வருடம் கழித்து லோகோவை மாற்றினார்கள். எனக்குப் பின்னால் சூரியனை வைத்து முகத்தைக் கறுப்பாக்கிவிட்டார்கள். நிற்பது நான்தான், ஆனால் நான் சொன்னால்தான் தெரியும். அதற்கப்புறம் ஒன்பது வருடத்தில் இன்னொரு மாற்றம். விரலும் கொம்பும் மட்டும். "ஏலே பழனிமுத்து, கொம்பு வந்துச்சு, ஆளக் காணோமே?" என்று ஊருக்குள் கேலி பேசினார்கள். கண்மணி மட்டும் தியேட்டரில் என் சுண்டுவிரலைப் பிடித்து, "இது ஒங்க வெரலுதான். எனக்குத் தெரியாதா?" என்றாள்.

சேனாதிபதி முதலாளி காலமான பிறகு அவர் மகன் ராஜமுருகன் கம்பெனிக்கு வந்தார். அவர் விரலையும் எடுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் செய்த தங்கக் கொம்பு ஒன்று மேகத்துக்குள்ளிருந்து எழும்பி, ஊத ஆளில்லாமல் தானாகவே முழங்கியது. அதே வருடம் கண்மணி இறந்தாள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். சரி, இருக்கட்டும்.

சீசன் நேரத்தில் கொடைக்கானல் ஏரிக்கரையில் கொம்போடு நிற்பது என் வழக்கம். டூரிஸ்டுகள் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒருநாள் ஒரு காலேஜ் பெண் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அங்கிள், அது கிராபிக்ஸ். அதுல யாருமே இல்லையே" என்று சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பெருமை பொய்யாகிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது, அம்மா. இன்றைக்கும் இருக்கிறது.

பழைய படங்களிலாவது நான் இருப்பேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். போன வருடம் அவர்களுடைய பழைய படம் ஒன்றைப் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டார்கள். தங்கை பேத்தி ஸ்வேதாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் படத்தின் தலையிலும் தங்கக் கொம்பைத்தான் ஒட்டியிருந்தார்கள். "தாத்தா, நீங்க எப்ப வருவீங்க?" என்று குழந்தை படம் முடிகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு முடிவு செய்தேன். கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். கோபம் வந்தால் எனக்கு மூச்சு வாங்கும். அன்றிலிருந்து என் மூச்சு சீராகத்தான் இருக்கிறது.

போன வாரம் ராஜமுருகனே போன் செய்தார். "ஐயா, கம்பெனிக்கு நாப்பது வருசம் ஆச்சுங்க. வெள்ளிக்கிழமை நம்ம மொதப் படத்தத் திரும்ப ரிலீஸ் பண்றோம். அன்னைக்குக் காலையில நான் ஒங்க ஊருக்கு வர்றேன். கொம்ப எடுத்துக்கிட்டு அந்தப் பாறைக்கு வாங்க. ஒரு விசயம் சொல்லணும்" என்றார்.

"வாங்க தம்பி" என்றேன். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாதா? சால்வை போர்த்துவார், போட்டோ எடுப்பார், பேப்பரில் போடுவார். தியேட்டரில் தங்கக் கொம்பே முழங்கிக்கொண்டிருக்கும்.

வியாழக்கிழமையே வத்தலக்குண்டுக்குப் போய், மறுநாள் காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தேன். தியேட்டர்காரர் கிழிப்பது போல நானே பாதியாகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வெள்ளனே வத்தலக்குண்டுக்குப் போவதாக ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு, நேரே பாறைக்கு ஏறினேன்.

ராஜமுருகன் தனியாகத்தான் வந்தார். என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "ஐயா, நேர்ல சொன்னாத்தான் நல்லாருக்கும்னு..." என்று ஆரம்பித்தார்.

"பேச்ச பெறகு வச்சுக்குவோம் தம்பி. பனி ஏறுது. வெரசா படத்த எடுங்க" என்றேன்.

நான் மேட்டில் நின்றேன். அவர் போனைத் தூக்கிப் பிடித்தார். கண் முழுக்கப் போனில்தான். "இன்னும் ரெண்டு எட்டு பின்னால போங்க. கொம்பு முழுசா விழணும்ல" என்றேன். போனார். "இன்னும் ஒண்ணு" என்றேன். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்டார். அவர் அப்பாவும் இதைத்தான் என்னிடம் சொன்னார். நான் அவரைத் தொடவில்லை. தொடவில்லை என்பதால் கொல்லவில்லை என்று ஆகிவிடாது. கொல்லத்தான் காத்திருந்தேன், கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஊதிக்கொண்டிருந்ததை நான் பாதியில் நிறுத்தவில்லை. முழுசாக ஊதி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். சாயங்கால பஸ் வருகிறவரை பூண்டுக் கொட்டகையில் இருந்துவிட்டு, அதில் வந்து இறங்கியவன் போல வீட்டுக்குப் போனேன்.

நேற்று நீங்கள் விசாரிக்க வந்தபோது டிக்கெட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "படம் எப்படிங்கய்யா ஆரம்பிச்சுச்சு? நான் இன்னும் பாக்கல" என்று கேட்டீர்கள். தங்கக் கொம்பு மேகத்திலிருந்து வந்ததைச் சொன்னேன். நீங்கள் எனக்கு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, உங்கள் போனைத் திருப்பிக் காட்டினீர்கள்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் யாரோ எடுத்தது. முதலில் என் முகம். இருபத்திரண்டு வயசு முகம். அப்புறம் சூரியனுக்கு முன்னால் நான். அப்புறம் என் விரல். அப்புறம் தங்கக் கொம்பு வந்து, அது கரைந்து, மறுபடியும் என் முகம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் "போளூர் பழனிமுத்து". நாற்பது வருடத்தில் முதல்முறையாக என் பெயர். தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. அடுத்த படத்திலிருந்து என்னுடைய இப்போதைய முகத்தைத்தான் லோகோவாக வைக்கப்போகிறார்களாம், அதை எடுக்கத்தான் ராஜமுருகன் வந்தாராம். சென்னை ஆபீசில் விசாரித்ததாகச் சொன்னீர்கள்.

வருத்தமாக இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அவர் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாதது அவர் தப்பு. என்னை அழித்ததும் அவர்தானே?

இன்று காலை பள்ளத்தில் அவருடைய போன் கிடைத்ததாகவும், கடைசியாக எடுத்த வீடியோ அதில் அப்படியே இருப்பதாகவும் உங்கள் ஏட்டையா சொன்னார். கேஸ் முடிந்ததும் அதைக் கம்பெனிக்கே கொடுத்துவிடுங்கள். ஊதும்போது எனக்கு மூச்சு கடைசிவரை தாங்கியது, கன்னமும் நன்றாக உப்பியிருக்கும். முடிகிற இடத்தில் மட்டும் படம் ஆடி, வானம் வரும். அதை வெட்டிவிடச் சொல்லுங்கள். இருபது நொடி தேறும்.